கறித்துண்டிலிருந்து ஒரே ஒரு தசையிழை: பிரித்து, சாயமேற்றி, அளக்கும் முறை

வெந்த கோழி நெஞ்சுக்கறியைக் கையால் பிய்த்தால் நூல் நூலாக வரும். அந்த நூலையே தசையிழை என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் முதல் பிழை. கையில் வருவது இழையல்ல, கற்றை. அதைச் சுற்றிப் பெரிமைசியம் என்ற இணைப்புத் திசு உறை இருக்கிறது. உள்ளே தசையிழைகள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எண்டோமைசியம் என்ற மெல்லிய தனியுறை உண்டு. கற்றைகள் எல்லாவற்றையும் சேர்த்து முழுத் தசைக்கும் வெளியே போர்த்தியிருப்பது எபிமைசியம். கறிவெட்டுபவர் உரித்துப் போடும் வெள்ளைச் சவ்வு பெரும்பாலும் இதுதான்.

தசையிழை ஒன்று என்பது முழு செல் ஒன்று. பருமன் 10 முதல் 100 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடி அளவு அல்லது அதைவிட மெலிவு. நீளமோ சென்டிமீட்டர் கணக்கில் போகும். கரு வளர்ச்சியின்போது பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவானதால் அதற்குள் உட்கருக்களும் ஏராளம். இந்த ஒரு செல்லை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாகப் படுக்கவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இழைக்குக் குறுக்கே இருண்டும் வெளிர்ந்தும் மாறி மாறி வரும் பட்டைகளைத்தான் வரிகள் என்கிறோம். "மைக்ராஸ்கோப்பில் வரியே தெரியவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பத்திருபது இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கருவியின் மேல் குறை சொல்ல எதுவும் இருக்காது.

எந்தக் கறி, எவ்வளவு பழசு

கோழி நெஞ்சுக்கறி எளிது. ஆட்டுத் தொடைக்கறி இன்னும் நல்லது, ஆனால் பிரிக்கப் பொறுமை வேண்டும். 50 கிராம் தாராளம். வாங்கும்போதே "வெட்டாமல் நீளத் துண்டாக" என்று கேளுங்கள். குழம்புக்குப் போடுவதுபோல் குறுக்கே வெட்டிய துண்டில் இழையெல்லாம் கட்டையாகப் போய்விடும், நுனிகள் நசுங்கியிருக்கும்.

அப்போதுதான் அறுத்த கோழியின் கறியை உடனே பிரிக்க வேண்டாம். தசை சுருங்க ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு அதில் இன்னும் மிச்சமிருக்கும். ஊசி பட்டதும் இழை சுருண்டு, வெட்டு முனையில் கட்டியாகத் திரளும், அந்த இடத்தில் வரிகள் அழிந்துபோகும். ஏடிபி தீர்ந்ததும், தடித்த புரத இழையான மையோசினின் தலைகள் மெல்லிய புரத இழையான ஆக்டினைப் பிடித்தபடியே நின்றுவிடும், கறி விறைக்கும். இந்த விறைப்பு கடந்தபின், அதாவது ஒரு டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து மறுநாள் எடுத்தால், இழைகள் அமைதியாகப் பிரியும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறையவைக்கும், பெரிய பனிப்படிகங்கள் உருவாகி இழையைக் கிழித்துவிடும். நான்கைந்து நாள் ஆன கறியும் வேண்டாம். தசைக்குள் இருக்கும் கால்பெய்ன் நொதிகள் வரியமைப்பின் ஓர் அலகை அடுத்ததிலிருந்து பிரிக்கும் இசட் கோட்டை ஒட்டிய புரதங்களை அறுத்துவிடுவதால் இழை தொட்ட இடத்தில் துண்டு துண்டாக உடையும். கறி நாள்பட மிருதுவாவதற்குக் காரணமும் அதுவே.

இழையின் நுனியைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மீன் எடுத்துக்கொள்ளலாம். மீன் சதை அடுக்கடுக்காகப் பிரிவது அதன் தசைகள் குறுக்குச் சவ்வுகளால் தடுக்கப்பட்டிருப்பதால். ஓர் அடுக்கின் இழை அந்தச் சவ்விலிருந்து அடுத்த சவ்வு வரைதான் ஓடும். ஆகவே இரு முனையும் முழுசாக உள்ள ஒரு செல்லை எடுப்பது மீனில்தான் சாத்தியம். ஆட்டிலோ கோழியிலோ நீங்கள் பார்ப்பது எப்போதும் செல்லின் ஒரு துண்டே.

வேண்டியவை

10, 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் உள்ள சாதாரணப் பள்ளி மைக்ராஸ்கோப் போதும். ஸ்லைடு, கவர் ஸ்லிப், முனை கூரான ஃபோர்செப்ஸ் ஒன்று, ஊசிகள் இரண்டு. தையல் ஊசியின் காதுப் பக்கத்தைப் பழைய பேனாக் குச்சியில் செருகிப் பசை போட்டால் நல்ல ஊசி தயார். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் ஒரு பாட்டில். அது இல்லையென்றால் அயோடின் சேராத உப்பு 0.9 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைக்கவும்.

இந்த உப்பின் அளவில் அலட்சியம் வேண்டாம். வெறும் தண்ணீரில் இழை உப்பி வரிகள் மங்கும். உப்பு 3, 4 சதவீதத்துக்குப் போனாலோ மையோசினே கரைந்து வெளியேறத் தொடங்கும். பார்க்க வந்த பொருளே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

சாயத்துக்கு மெத்திலீன் நீலம், 0.1 சதவீதம். 1 சதவீதக் கரைசல் கிடைத்தால் ஒரு சொட்டுக்கு ஒன்பது சொட்டு சலைன் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணமீன் கடைகளில் விற்பதும் இதே சாயந்தான், ஆனால் அடர்த்தி கடைக்குக் கடை மாறும். வெளிர்நீலமாகும்வரை சலைன் விட்டு நீர்க்கச் செய்யுங்கள்.

பிரிப்பது

கறியில் இழையோட்டம் எந்தப் பக்கம் என்று முதலில் கண்ணால் பாருங்கள். அதே திசையில் பிளேடால் கீறி, ஃபோர்செப்ஸால் ஒரு கற்றையை உரித்தெடுங்கள். 5 மில்லிமீட்டர் நீளம் போதும், தையல்நூலைவிட மெலிதாக இருக்க வேண்டும். ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன் விட்டு அதில் படுக்கவையுங்கள்.

இனி இடக்கை ஊசியால் கற்றையின் ஒரு முனையை ஸ்லைடோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கை ஊசியைத் தலை வாருவதுபோல் அந்த முனையிலிருந்து மறுமுனைவரை நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே குத்தவோ கலக்கவோ கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் கற்றை இரண்டாகப் பிளக்கும். மெலிந்த பாதியை வைத்துக்கொண்டு தடித்ததை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். கறுப்புக் காகிதத்தின்மேல் ஸ்லைடை வைத்துச் செய்தால், கண்ணுக்கு மிக மெல்லிய பஞ்சுபோல் வெண்மையாக ஏதோ மிதப்பது தெரியும். அந்த நிலைக்கு வந்ததும் நிறுத்தலாம். சொட்டு காய்ந்துவிடாமல் இடையிடையே சலைன் சேர்த்துக்கொண்டே இருங்கள். ஒருமுறை காய்ந்த இழையை மீண்டும் நனைத்துப் பயனில்லை.

பொறுமை இல்லாத வகுப்புக்கு இன்னொரு வழி உண்டு. கறியை 10 நிமிடம் கொதிநீரில் வேகவையுங்கள். பெரிமைசியத்தின் கொலாஜன் இளகிவிடும், இழைகள் தாமாகவே பிரியும், வரிகளும் தெரியும். ஆனால் சூட்டில் இழை சுருங்கிவிடுவதால் அளவெடுக்க மட்டும் வெந்த கறி உதவாது.

பிரித்தபின் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. இரண்டு மூன்று நிமிடம் கழித்து டிஷ்யூ காகித முனையால் சாயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுச் சலைன் விடுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் ஊன்றிச் சாய்வாக இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டும், கறுப்பு விளிம்போடு தெரியும் அந்த வட்டங்களைச் செல் என்று வரைந்துவைப்பவர்கள் உண்டு. கவர் ஸ்லிப் போடாமல் 40 மடங்கில் பார்க்கவே முயல வேண்டாம். அந்த லென்ஸ் 0.17 மில்லிமீட்டர் கண்ணாடிக்கென்றே வடிவமைக்கப்பட்டது, தவிர லென்ஸ் முனை சலைனில் முங்கும்.

ஒளி

10 மடங்கில் இழையைத் தேடிப்பிடித்து நடுவில் நிறுத்தி, 40 மடங்குக்கு மாற்றுங்கள். சாதாரணமாகச் செய்யும் தவறு, வெளிச்சம் போதவில்லை என்று ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் கட்டுப்படுத்தும் கண்டென்சர் டயாஃப்ரத்தை முழுவதும் திறந்துவிடுவது. வரிகள் ஒளிபுகும் பொருளில் உள்ள சிறு வேறுபாடுகள்தானே, ஒளி வெள்ளத்தில் அவை கரைந்துபோகும். டயாஃப்ரத்தைப் பாதிக்கும் கீழே மூடி, விளக்கைக் கூட்டுங்கள். வரிகள் எழுந்து வரும். அளவுக்கு மீறி மூடினால் ஒவ்வொரு விளிம்பையும் சுற்றிப் பொய்க்கோடுகள் முளைக்கும், அப்போது சற்றே திறந்துவிட வேண்டும்.

40 மடங்கு ஆப்ஜெக்டிவ் ஏறத்தாழ அரை மைக்ரான் இடைவெளியைப் பிரித்துக்காட்டும். ஓர் இசட் கோட்டிலிருந்து அடுத்தது வரையுள்ள அலகான சார்கோமியர் ஒன்றின் நீளம் 2 மைக்ரானை ஒட்டி இருப்பதால் வரிகள் தெரிவதற்கு இது போதும். ஆனால் சார்கோமியரின் நடுவில் வரும் எச் பகுதி, எம் கோடு என்று பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் இதில் தெரியாது. மெல்லிய ஆக்டின் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர், மையோசின் இழை சுமார் 15 நானோமீட்டர், அவற்றைத் தனித்தனியாகக் காட்ட எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பால்தான் முடியும். பதிவேட்டில் கண்டதை மட்டும் வரையுங்கள். புத்தகப் படத்தைப் பார்த்து எம் கோடு போட்டிருந்தால் மதிப்பெண் தரக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

ஒரு எச்சரிக்கை. ஃபோகஸ் திருகை லேசாக ஏற்றி இறக்கினால் இருண்ட பட்டை வெளிராகவும் வெளிர்ப்பட்டை இருளாகவும் மாறும். ஆகவே இருண்டது எல்லாம் ஏ பட்டை, அதாவது மையோசின் உள்ள பகுதி, என்று சும்மா முடிவுகட்ட முடியாது. போலராய்டு தகடுகள் இரண்டு இருந்தால் ஐயம் தீரும். ஒன்றை விளக்கின்மேல், மற்றதை ஐபீஸின்மேல் வைத்து, புலம் கறுக்கும்வரை ஒன்றைத் திருப்புங்கள். பிறகு இழை 45 பாகை சாய்ந்திருக்குமாறு ஸ்லைடைத் திருப்பினால் மையோசின் அடுக்கியுள்ள ஏ பட்டைகள் ஒளிரும், அவற்றுக்கு இடையில் ஆக்டின் மட்டும் உள்ள ஐ பட்டைகள் இருண்டே கிடக்கும். கொலாஜனும் இதேபோல் ஒளிரும் என்பதை மறக்க வேண்டாம். குறுக்கு வரி இல்லாமல் அலையலையாக நெளிந்து ஒளிர்ந்தால் அது இணைப்புத் திசு. முறுக்கிய நாடாபோல் இருந்தால் பஞ்சு அல்லது காகிதத் தூசு. பளபளக்கும் உருண்டைகள் கொழுப்பு.

உட்கரு

இதற்கு ஆட்டுக்கறி எடுங்கள். பாலூட்டியின் தசையிழையில் உட்கருக்கள் செல்சவ்வான சார்கோலெம்மாவுக்கு நேர் அடியில் ஒட்டியிருக்கும். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் விட்டு, எதிர்விளிம்பில் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். அமிலம் உள்ளே பரவப் பரவ இழை உப்பித் தெளியும், வரிகள் மறையும், நீள்வட்ட உட்கருக்கள் நீலமாக நிற்கும். ஆக, வரிகளைப் பார்த்து வரைந்து முடித்தபின்புதான் வினிகர்.

ஃபோகஸை மெதுவாக மேலிருந்து கீழே இறக்குங்கள். மேற்பரப்பில் சில உட்கருக்கள் தெளிவாகும், நடுவில் வெறுமை, ஆனால் இரு ஓரங்களிலும் சில, அடிப்பரப்பில் மறுபடியும் சில. ஒரு தட்டைப் படத்தில் நடுவே இருப்பதுபோல் தோன்றும் உட்கரு உண்மையில் மேற்புறத்திலோ அடிப்புறத்திலோ இருப்பது இப்படித்தான் புலப்படும். தவளை எடுத்தால் இந்த விதி பொருந்தாது, அதில் உட்கருக்கள் இழையின் உட்புறத்திலும் சிதறிக் கிடக்கும். சாயமேறிய உட்கரு எல்லாமே அந்த இழையுடையது என்றும் சொல்ல முடியாது. தசை காயம்பட்டால் புதுப்பிக்கும் சாட்டிலைட் செல்கள் இதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை 1961-இல் அலெக்சாண்டர் மாரோ கண்டறிந்ததே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் துணையோடுதான்.

அளப்பது

ஐபீஸில் வைக்கும் அளவுகோலுக்கு ஆப்ஜெக்டிவ் மாறும்போதெல்லாம் மதிப்பும் மாறும், ஆகவே முதலில், அளவுக் கோடுகள் பொறித்த ஸ்லைடான ஸ்டேஜ் மைக்ரோமீட்டரோடு ஒப்பிட வேண்டும். அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 10 மைக்ரான். எடுத்துக்காட்டாக, 40 மடங்கில் ஐபீஸின் 100 பிரிவு ஸ்டேஜின் 25 பிரிவோடு பொருந்தினால், 250 மைக்ரானை 100-ஆல் வகுத்து, ஐபீஸின் ஒரு பிரிவு 2.5 மைக்ரான்.

ஒற்றைச் சார்கோமியரை அளக்க முயலாதீர்கள். இழை நேராக ஓடும் இடத்தில் பத்து வரிகளின் மொத்த நீளத்தை எடுத்துப் பத்தால் வகுக்கவும். பத்து வரி 9 பிரிவு என்றால் 22.5 மைக்ரான், ஒன்று 2.25. இருண்ட பட்டையின் தொடக்கத்திலிருந்து அடுத்த இருண்ட பட்டையின் தொடக்கம்வரை ஒன்று என்று எண்ண வேண்டும். விடை 1.1 என்று வந்தால் இருண்டதையும் வெளிரையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறீர்கள். 8, 9 என்று வந்தால் ஒப்பீட்டில் பிழை, பெரும்பாலும் 10 மடங்கில் எடுத்த மதிப்பை 40 மடங்குக்குப் போட்டிருப்பீர்கள். சாதாரணக் கறியில் 1.6 முதல் 2.4-க்குள் வருவது நம்பத்தக்கது.

மைக்ரோமீட்டர் இல்லாதவர்களுக்கு லேசர் சுட்டுவிளக்கு இருக்கிறது. வரிகள் ஒரே சீராக அடுக்கியிருப்பதால் பச்சைக்கறியின் மெல்லிய கற்றை ஒளியைச் சிதறவிடாமல் குறிப்பிட்ட கோணங்களுக்குத் திருப்பும். சாயமேற்றாத, கண்ணாடிபோல் ஒளிபுகும் கற்றையைச் சலைனோடு கவர் ஸ்லிப் போட்டு நிறுத்தி, 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைச் செங்குத்தாகப் பாய்ச்சுங்கள். 10 சென்டிமீட்டர் தள்ளி வெள்ளைக் காகிதம். இருட்டறையில் நடுப்புள்ளிக்கு இருபுறமும், இழை ஓடும் திசையில், மங்கிய இரு பட்டைகள் விழும். நடுப்புள்ளியிலிருந்து பட்டைக்குள்ள தொலைவு 3.1 சென்டிமீட்டர் என்றால் கோணம் சுமார் 17 பாகை. அலைநீளம் 0.65 மைக்ரானை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு 0.296-ஆல் வகுத்தால் 2.2 மைக்ரான். பட்டை 4.1 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் சார்கோமியர் 1.7-ஆகச் சுருங்கியிருக்கிறது. சுருங்கச் சுருங்கப் பட்டைகள் விலகிப் போகும். பட்டையே விழவில்லையென்றால் கற்றை தடிப்பாக இருக்கிறது அல்லது கறி வெந்திருக்கிறது. லேசரைக் கண்ணுக்கு நேராகவும் மைக்ராஸ்கோப்பின் வழியாகவும் பார்க்கவே கூடாது.

கட்டிய துண்டும் கட்டாத துண்டும்

சுருங்கும்போது எது குறைகிறது என்பதைக் கறியிலேயே காட்டலாம். அறுத்தவுடன் வாங்கிய கறியில் இழையோட்டத் திசையில் 4 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகளை வெட்டுங்கள். ஒன்றை ஐஸ்கிரீம் குச்சியில் அதன் இயல்பான நீளத்துக்கு இழுத்து இரு முனையையும் நூலால் கட்டுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். எலும்பின் பிடியிலிருந்து விடுபட்ட பட்டை விறைக்கும்போது குறுகிவிடும், கட்டியது குறுக முடியாமல் அதே நீளத்தில் விறைக்கும். மறுநாள் இரண்டிலும் பத்து வரி அளந்தால் வேறுபாடு எண்ணில் வரும். ஆட்டுக்கறியில் இது இன்னும் தெளிவு, ஏனெனில் விறைக்குமுன் குளிரூட்டினால் அந்தத் தசை கூடுதலாகச் சுருங்கும்.

மையோசின் இழையின் நீளம் 1.6 மைக்ரான், அது மாறாது. அதுவே ஏ பட்டையின் அகலம். சார்கோமியர் 2.4 என்றால் ஐ பட்டைக்கு 0.8 மிச்சம், 1.8 என்றால் 0.2. போலராய்டில் பார்க்கும்போது ஒளிரும் பட்டைகளுக்கு இடையே உள்ள இருட்டுதான் மெலிகிறது, ஒளிரும் பட்டை மெலியவில்லை. 1954-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் தவளையின் உயிருள்ள இழையில் இதைத்தான் கண்டார்கள். ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் முயல் தசையின் நுண்ணிழைகளில் இதையே கண்டு, நேச்சர் இதழின் அதே வெளியீட்டில் எழுதினார்கள். புரத இழைகள் குறுகுவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகின்றன என்ற முடிவு இப்படிப் பட்டைகளின் அகலத்தை அளந்து கிடைத்தது.

குறுக்குவெட்டு

ஆட்டுக்கறியை 70 சதவீத ஆல்கஹாலில் இரண்டு நாள் போட்டு இறுக வைத்து, தாவரத் தண்டுக்குச் செய்வதுபோல் பிளந்த கேரட்டுக்குள் வைத்துப் புது பிளேடால் சீவினால் போதும். இழைகள் பலகோண வடிவில் நெருங்கியிருப்பதையும் கற்றையைச் சுற்றிய பெரிமைசியத்தையும் 10 மடங்கிலேயே பார்க்கலாம். சாய்வாக வெட்டினால் பலகோணங்கள் நீண்டு தெரியும், அதை வைத்து இழையின் பருமனை அளக்கக் கூடாது.

கல்லூரி ஆய்வகத்துக்கு மட்டும்

ஏடிபி கிடைக்கும் இடத்தில் இழையைச் சுருங்கவைத்தே பார்க்கலாம். முயலின் இடுப்பருகே உள்ள சோயாஸ் என்ற தசையைக் கிளிசரினில் ஊறவைத்து ஏடிபியால் சுருக்கும் முறையை ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1949-இல் வெளியிட்டார். விறைக்குமுன் குச்சியில் கட்டிய பட்டையை 50 சதவீதக் கிளிசராலில் ஒரு நாள் குளிரில் வைத்து, புதுக் கரைசலுக்கு மாற்றி, மைனஸ் 20 பாகையில் சில வாரம் விட வேண்டும். செல்சவ்வு ஒழுகி ஏடிபி வெளியேறிவிடும், புரத அடுக்கு அப்படியே இருக்கும். பிரித்தெடுத்த இழைகளின் நீளத்தைக் குறித்துக்கொண்டு மூன்று ஸ்லைடுகளில் வைத்து, ஒன்றுக்கு 0.25 சதவீத ஏடிபி மட்டும், ஒன்றுக்குப் பொட்டாசியம் குளோரைடு 0.05 மோலார், மக்னீசியம் குளோரைடு 0.001 மோலார் கலந்த உப்புக் கரைசல் மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும் சேர்த்து விடுங்கள். வெறும் உப்பில் ஒன்றும் நடக்காது. இரண்டும் சேர்ந்ததில் சில நொடிகளிலேயே இழை நன்றாகக் குறுகும். வெறும் ஏடிபியில் விளைவு குறைவாக இருக்கும், இழைக்குள் தங்கிய மக்னீசியத்தைப் பொறுத்து மாறும். இங்கே தோல்விக்குப் பெரும் காரணம் தடிமன்தான். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போன கற்றையில் ஏடிபி உள்ளே ஊடுருவாது, மேலிழைகள் மட்டும் சுருங்கிக் கற்றை சுருண்டுவிடும், அளந்த நீளத்துக்குப் பொருளிருக்காது.

எந்தச் சோதனையானாலும் கையாண்ட கறியைச் சமைக்க வேண்டாம், மூடிக் குப்பையில் போடுங்கள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருக்கக்கூடும் என்பதால் மேசை, ஊசி, மைக்ராஸ்கோப்பின் திருகு மூன்றையும் ஸ்பிரிட்டால் துடைத்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 40 மடங்கு லென்ஸில் சலைன் பட்டிருந்தால் உடனே ஈர லென்ஸ் காகிதத்தால் ஒற்றியெடுங்கள், உப்பு காய்ந்து படிந்தால் அடுத்தமுறை வரிகள் மங்கலாகவே தெரியும்.